வண்டியிலும் சமையலறையிலும் பாட்காஸ்ட்: புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

பாட்காஸ்டை, அதாவது ஃபோனில் வேண்டியபோது போட்டுக் கேட்கும் பேச்சு நிகழ்ச்சியை, கேட்டுப் பார்த்துவிட்டு, 'நமக்கு ஒத்துவரவில்லை' என்று விட்டவர்களிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். நிகழ்ச்சி நன்றாக இல்லை என்பவர்கள் குறைவு. 'அடிக்கடி ஃபோனை எடுக்க வேண்டியிருந்தது', 'நடுவில் என்ன பேசினார்கள் என்றே தெரியவில்லை', 'கேட்கக் கேட்கத் தூக்கம் வந்தது' என்பார்கள். செய்கிற வேலைக்குப் பொருந்தாத ஒன்றை, அதுவும் வேலையில் இறங்கிய பிறகு அவசரமாகத் தேடிப் போட்டால் இப்படித்தான் ஆகும். எந்த வேலைக்கு எதைக் கேட்பது என்று முன்பே முடிவு செய்து, கை ஈரமாவதற்குள், சாவி திருகுவதற்குள் எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் போய்விடும். கீழே இருப்பது அதற்கான வழி. கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்பவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம்.

1. ஒரு செயலியை எடுத்துக்கொள்ளுங்கள்

இதில் ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள். பெரும்பாலான பாட்காஸ்டுகள் ஆர்எஸ்எஸ் ஓடை (புது எபிசோடைச் செயலிகளுக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் பொது இணைய வசதி) வழியாக வெளியாவதால் ஒரே நிகழ்ச்சி ஏறக்குறைய எல்லாச் செயலிகளிலும் கிடைக்கும். ஒரே செயலியில் மட்டும் வெளியாகும் சில நிகழ்ச்சிகளைத் தொடக்கத்தில் கண்டுகொள்ள வேண்டாம்.

ஐஃபோனில் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் ஏற்கெனவே இருக்கும், அதுவே போதும். ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் என் சிபாரிசு: இலவசம், செயலியில் விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் கொடு என்று கேட்காது. பாக்கெட் காஸ்ட்ஸ் இரண்டு வகை ஃபோனிலும் ஓடும். பாட்டுக்காக ஸ்பாட்டிஃபை வைத்திருப்பவர்கள் அதிலேயே கேட்கலாம். பாட்டு டவுன்லோடுக்குச் சந்தா வேண்டும், பாட்காஸ்ட் டவுன்லோடுக்கு வேண்டாம். கூகுள் பாட்காஸ்ட்ஸைப் போடச் சொல்லும் பழைய கட்டுரைகள் இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அது 2024-இல் மூடப்பட்டுவிட்டது, தேட வேண்டாம்.

யூடியூபில் பேச்சு கேட்பதுதான் நம்மில் பலருக்குப் பழக்கம். சந்தா இல்லாவிட்டால் திரையை அணைத்ததும் பேச்சும் நின்றுவிடும். திரை எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரியும் டேட்டாவும் கரையும், கண்ணும் அங்கேயே போகும். அடுப்படியில் அது தொல்லை, ஸ்டீயரிங் முன்னால் ஆபத்து.

செயலியைப் போட்டதும் ஒரு வேலை. சில ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடும். பத்து நிமிடம் ஓடிவிட்டுப் பேச்சு தானாக நின்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஃபோன் அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

2. முதலில் வேலையைப் பாருங்கள், பிறகு நிகழ்ச்சியை

எல்லா வேலையும் காதை ஒரே அளவுக்கு விட்டுவைப்பதில்லை. சின்ன வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, பூ கட்டுவது, துணி மடிப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் பாட்காஸ்டுக்கென்றே அமைந்த வேலைகள். கை பழகிய வழியில் போகும், சத்தம் கிடையாது, ஒரே இடத்தில் அரை மணி நேரம் இருப்போம். வரலாறு, அறிவியல், நீண்ட பேட்டி என்று மண்டைக்கு வேலை கொடுக்கும் எதையும் இங்கே வைத்துக்கொள்ளலாம். ஒரு முருங்கைக்கீரைக் கட்டை உருவி முடிப்பதற்குள் ஒரு முழு எபிசோடு முடிந்துவிடும். கீரை ஆய அலுத்துக்கொள்பவர்கள்கூட 'இன்னொரு கட்டு வாங்கியிருக்கலாமோ' என்று நினைக்கும் அளவுக்கு இது போகும்.

பாத்திரம் கழுவுவது அடுத்த வகை. கை தானாக ஓடும், ஆனால் குழாய்த் தண்ணீரும் எவர்சில்வரும் சேர்ந்து பேச்சைத் தின்றுவிடும். இரண்டு பேர் கலகலப்பாகப் பேசும் அரட்டை நிகழ்ச்சி, அன்றைய செய்தி, கிண்டல் நிகழ்ச்சி இதற்குச் சரி. இரண்டு வாக்கியம் போனாலும் ஒன்றும் குடி முழுகாது. ஆண்டும் பெயரும் வரிசையாக வரும் வரலாற்று எபிசோடை இங்கே போட்டால் சோழரும் பாண்டியரும் குழம்பிப்போவார்கள்.

வீடு பெருக்கித் துடைக்கும்போது அறை அறையாக நடக்கிறோம். ஹாலில் வைத்த ஸ்பீக்கர் படுக்கையறைக்குக் கேட்காது, இயர்போன்தான் தோது. சமையலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நறுக்கி, அரிந்து, ஊற வைக்கும் நேரம் கேட்கலாம். தாளிக்கும் நேரம் வேண்டாம். எண்ணெயில் கடுகு வெடிப்பதையும் வெங்காயம் வதங்கும் சத்தத்தையும் காதால்தான் பாதி சமைக்கிறோம். மிக்சியும் கிரைண்டரும் ஓடும்போது எதைப் போட்டாலும் வீண், நிறுத்திவிடுங்கள்.

எழுத்து வேலை, கணக்கு, மின்னஞ்சல், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது இவற்றோடு பாட்காஸ்ட் சேரவே சேராது. அவையும் மொழி, இதுவும் மொழி. ஒன்று உள்ளே வரும்போது மற்றொன்று வெளியே போய்விடும். வரவு செலவுக் கணக்கு எழுதும்போது ஏதாவது ஓடியே ஆக வேண்டுமென்றால் நாதஸ்வரமோ வீணையோ போடுங்கள்.

3. கேட்க என்ன கிடைக்கும்?

தமிழில் தொடங்குவதே நல்லது. ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் வானொலி தன் பேட்டிகளையும் செய்திகளையும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பாட்காஸ்டில் போடுகிறது. வானொலிப் பழக்கம் உள்ளவர்கள் தயாரிப்பதால் ஒலி சுத்தமாக இருக்கும், உச்சரிப்பும் தெளிவு. பாத்திரம் கழுவும் நேரத்துக்கு அளவெடுத்தது போல் அமையும். அன்றாட அரசியலைக் கிண்டலோடு கேட்க விகடனின் இம்பர்ஃபெக்ட் ஷோ இருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைப் பலர் அத்தியாயம் அத்தியாயமாக வாசித்து வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றில் உள்ள சரித்திர நாவல்களை ஊருக்குப் போகும் நீண்ட பயணத்துக்கு எடுத்து வைக்கலாம். ஒரே நாவலைப் பல பேர் வாசித்திருப்பார்கள், முதல் அத்தியாயத்தை இரண்டு மூன்று குரல்களில் கேட்டுவிட்டுப் பிடித்த குரலோடு போங்கள். அடுத்த பல மணி நேரம் அந்தக் குரலோடுதான் குடித்தனம்.

ஆங்கிலம் சரளமாகப் புரிபவர்களுக்குக் கடல் போலக் கிடைக்கிறது. பிபிசியின் இன் அவர் டைம் 1998-இல் வானொலியில் தொடங்கியது. ஒவ்வொரு வாரமும் ஒரு தலைப்பு, அதில் தேர்ந்த பேராசிரியர்கள், முக்கால் மணி நேரத்தை ஒட்டிய பேச்சு. பழைய எபிசோடுகள் ஆயிரத்துக்கு மேல் குவிந்து கிடப்பதால், விருப்பமான தலைப்பைத் தேடி எடுக்கலாம். நம் நாட்டில் அமித் வர்மாவின் தி சீன் அண்ட் தி அன்சீன் ஒரே விருந்தினரோடு பல மணி நேரம் நீளும் உரையாடல்களுக்குப் பெயர் போனது. அருமையான நிகழ்ச்சி, ஆனால் புதியவர் முதலில் அதில் கைவைத்தால் மலைத்துப்போவார். ஒரு மாதம் பழகிய பிறகு சென்னை-மதுரை பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எபிசோடு வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு எபிசோடும் தனித்தனியாக நிற்கும் நிகழ்ச்சி என்றால் முதலிலிருந்து கேட்க வேண்டிய கட்டாயமே இல்லை. தொடக்க எபிசோடுகளில் பெரும்பாலும் மைக்கும் சரியிருக்காது, பேசுபவருக்கும் கூச்சம் தெளிந்திருக்காது. ஒரே கதையைத் தொடராகச் சொல்லும் நிகழ்ச்சி அப்படியல்ல. 2014-இல் வந்து, பாட்காஸ்ட் பக்கமே போகாதவர்களைக்கூட அதன் பக்கம் இழுத்த அமெரிக்க நிகழ்ச்சியான சீரியல் இந்த வகை. அதன் முதல் பருவம் முழுக்க ஒரே கொலை வழக்கு. ஒன்றாம் எபிசோடில் ஏறாவிட்டால் வழியில் ஏற முடியாது.

புது நிகழ்ச்சி எதுவானாலும் இரண்டு நிமிடம் காரின் ஸ்பீக்கரிலோ சமையலறையிலோ கேட்டுப் பாருங்கள். அமைதியான அறையில் நன்றாக ஒலிப்பது என்ஜின் சத்தத்தில் கரைந்துவிடும். எதிரொலி அடிக்கும் வெற்று அறையில் பதிவு செய்த நிகழ்ச்சிகள் தமிழில் நிறைய. உள்ளடக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வண்டியில் அவற்றைக் கேட்க முடியாது, துணி மடிக்கும் நேரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

4. முந்தின இரவே வரிசை போடுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் யாராவது செய்தால்கூட அவர்கள் பாட்காஸ்டை விடமாட்டார்கள் என்பது என் கட்சி.

எல்லாச் செயலியிலும் 'அடுத்து வருபவை' என்று ஒரு வரிசை உண்டு. இரவு ஃபோனைச் சார்ஜில் போடுவதற்கு முன், மறுநாள் காலைச் சமையலுக்கு ஒன்று, அலுவலகம் போக ஒன்று, திரும்பி வர லேசாக ஒன்று என்று அதில் அடுக்குங்கள். அடுக்கியதை வைஃபையிலேயே டவுன்லோடு செய்துவிடுங்கள். கணக்கு ரொம்பச் சின்னது. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை கிலோபிட் என்ற ஒலித்தர அளவு) தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு சுமார் 58 எம்பி, 64 கேபிபிஎஸ் என்றால் அதில் பாதி. வாரம் முழுவதற்கும் பத்து மணி நேரம் எடுத்து வைத்தாலும் 600 எம்பியைத் தாண்டாது. டவுன்லோடு செய்யாமல் இணையத்திலிருந்தே ஓடவிட்டுக் கேட்டால் மலைப்பாதையிலும் பாலத்தடியிலும் பேச்சு அறுந்து அறுந்து வரும், கை தானாக ஃபோனைத் தேடிப் போகும்.

அமைப்புகளில் மூன்றைச் சரிபாருங்கள். தானியங்கி டவுன்லோடு இருந்தால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கடைசி இரண்டு எபிசோடோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஃபோன் நிரம்பிவிடும். கேட்டு முடித்தது தானாக அழிய வேண்டும். அப்புறம், தொடக்கத்தைத் தாண்டும் வசதி. சில நிகழ்ச்சிகளில் முதல் இரண்டு நிமிடம் இசையும் 'வணக்கம் நண்பர்களே, சப்ஸ்கிரைப் பண்ணுங்க' என்பதும்தான். ஆன்டெனாபாட், பாக்கெட் காஸ்ட்ஸ் இரண்டிலும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முதலில் எத்தனை நொடி தாண்ட வேண்டும் என்று குறித்துவைக்கலாம்.

5. சமையலறையில்

ஒரு காதில் மட்டும் இயர்போன் போடுங்கள். வெளிச்சத்தத்தை அடைக்கும் வகை இயர்போனை இரண்டு காதிலும் மாட்டினால் குக்கர் விசில் கேட்காது, காலிங் பெல் கேட்காது, குழந்தை அழுவதும் கேட்காது. பேச்சு சுவாரஸ்யமாகிவிட்டால் திறந்த காது இருந்தாலும் விசில் எண்ணிக்கை தவறும். 'மூணா, நாலா?' என்று குழம்பி நின்று பருப்பைக் கரைய விடுவதைவிட, ஃபோனில் டைமர் வைத்துவிடுவது மேல்.

ஒரு காதில் போடும்போது ஒரு சிக்கல் வரும். சில நிகழ்ச்சிகளில் ஒருவர் குரல் இடப்பக்கமும் மற்றவர் குரல் வலப்பக்கமும் ஒதுங்கி ஒலிக்கும். கேள்வி கேட்கும், பதில் கேட்காது. ஃபோன் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போனால், ஒலி தொடர்பானவற்றில் 'மோனோ ஆடியோ' இருக்கும். அதைப் போட்டுவிட்டால் இரண்டு குரலும் ஒரே காதில் வந்துவிடும்.

ஈரக்கையால் தொடும்போது தொடுவகை இயர்போன் பட்டன்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. அழுத்தும் பட்டன் உள்ளது நல்லது, பழைய வயர் இயர்போன் அதைவிட நல்லது. ஒருமுறை அழுத்தினால் நிற்கும், இருமுறை அழுத்தினால் பெரும்பாலும் அடுத்த எபிசோடுக்கே தாவிவிடும். விளம்பரத்தைத் தாண்டப் போய் எபிசோடையே தாண்டுவது இப்படித்தான். பல செயலிகளில் இந்த இருமுறை அழுத்தலை 30 நொடி முன்னே போவதாக மாற்றும் அமைப்பு உண்டு, முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

ஸ்பீக்கர் வைப்பவர்கள் அதைச் சிங்க்குக்குப் பக்கத்தில் வைக்காமல், தலை உயரத்தில் ஒரு அலமாரியில் வையுங்கள். பேச்சுக்குப் பாஸ் (அதிரும் கனத்த ஒலி) தேவையில்லை. சின்ன ஸ்பீக்கரே போதும், காதுக்கு நேராக இருந்தால் குறைந்த ஒலியிலேயே வார்த்தை பிரிந்து கேட்கும். இன்னொன்று: ஃபோன் கார் புளூடூத்தோடும் இணைந்திருந்தால், வீட்டில் யாராவது கீழே போய் வண்டியைக் கிளப்பியதும் சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு காருக்குப் போய்விடும். உங்கள் ரகசிய நிகழ்ச்சி எது என்று குடும்பத்துக்கே தெரிந்துவிடும்.

6. காரில்

பைக், ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். பின்னால் வரும் பஸ்ஸின் சத்தத்தைக் காதால்தான் அளக்கிறோம். ஹெல்மெட்டுக்குள் இயர்போன் செருகிக்கொண்டு போவது அந்தக் காதை நாமே அடைத்துக்கொள்வது. இந்தப் பகுதி காருக்கு மட்டும்.

புதுக் கார்களில் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ இருக்கும், செயலி டேஷ்போர்டு திரையிலேயே பெரிய பட்டன்களோடு வந்துவிடும். அது இல்லாவிட்டால் புளூடூத். அதுவும் இல்லாத பழைய வண்டியில், ஃபோனைக் கார் ஸ்டீரியோவோடு இணைக்கும் ஆக்ஸ் வயர். ஆக்ஸும் இல்லையென்றால் சிகரெட் லைட்டர் துளையில் செருகி, ஃபோனின் ஒலியைக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கடைகளில் கிடைக்கும். நகருக்குள் காலியான அலைவரிசை கிடைப்பது கஷ்டம், நெடுஞ்சாலையில் பரவாயில்லை. யூஎஸ்பி துளை உள்ள ஸ்டீரியோ என்றால் எம்பி3 கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றிச் செருகிவிடலாம். அதிலும் ஒரு நிம்மதி உண்டு, ஃபோனைத் தொடவே வேண்டியதில்லை.

புளூடூத்தில் ஒலி மெலிதாக வந்தால் ஃபோனின் ஒலியளவைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்துவிட்டு, காரின் குமிழால் கூட்டிக் குறையுங்கள். வழிகாட்டும் மேப் நடுவில் பேசும்போது பாட்காஸ்ட் சன்னமாகி இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். 'இடையூறு வந்தால் நிறுத்து' என்ற அமைப்பு ஆன்டெனாபாடில் உண்டு. போட்டுவிட்டால், இடப்பக்கம் திரும்பச் சொல்லி முடித்த பிறகு பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வண்டி நகர்வதற்கு முன்னாலேயே எபிசோடு ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். ஓட்டும்போது ஃபோனைக் கையில் எடுப்பது சட்டப்படியும் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் பிடித்த ஃபோனைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல்முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். வழி பார்க்கும் தேவைக்கு மட்டும் 2020-இல் விதியில் விலக்கு கொடுத்தார்கள். எபிசோடு மாற்றுவது அந்த விலக்கில் வராது.

எந்தச் சாலைக்கு எது? தினமும் போய்வரும் வழி, காலி நெடுஞ்சாலை, சிக்னலில் ஊர்ந்து போகும் மாலை நேரம் இவற்றுக்கு எதுவும் சரி. தெரியாத ஊரில் வீட்டு எண் தேடும்போது, ரிவர்ஸ் எடுக்கும்போது, கொட்டும் மழையில், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது நிறுத்திவிடுங்கள். முகவரி தேடும்போது நம் கை தானாகவே ஒலியைக் குறைக்கப் போவதைக் கவனித்திருப்பீர்கள். மூளை இடம் கேட்கிறது என்று அர்த்தம், முழுதாகவே நிறுத்திக் கொடுத்துவிடுங்கள்.

லாரி முந்தும்போது இரண்டு வாக்கியம் தவறிவிட்டதா? விட்டுவிடுங்கள். பின்னால் போகிறேன் என்று திரையைத் தொடாதீர்கள். ஸ்டீயரிங் பட்டனில் முடிந்தால் மட்டும் செய்யலாம். அப்படியே கேட்டுக்கொண்டு போனால் இரண்டு நிமிடத்தில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

தூக்கத்துக்குப் பாட்காஸ்ட் மருந்தில்லை. விறுவிறுப்பான கொலைக்கதை போட்டால் முழித்திருக்கலாம் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். ஒரே தொனியில் போகும் குரல் விடிகாலை மூன்று மணிக்குத் தாலாட்டாகத்தான் வேலை செய்யும். கண் சொக்கினால் வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்சம் தூங்குங்கள்.

குடும்பத்தோடு போகும்போது உங்கள் வரிசையை மறந்துவிடுங்கள். பின்சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் இருக்கும்போது மூன்று மணி நேரப் பொருளாதார உரையாடல் எடுபடாது. வாசித்த கதையோ பேய்க்கதையோதான் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்கும். டோல்கேட் வரும்போது நிறுத்திவிட்டுக் 'கொலை பண்ணினது யாருன்னு நினைக்கிறீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

7. வேகமும் ஒலியும்

முதல் சில வாரங்கள் இயல்பான வேகத்தில் கேளுங்கள். பழகிய பிறகு 1.25 மடங்கு வைத்தால் ஒரு மணி நேரம் 48 நிமிடமாகும், 1.5 வைத்தால் 40. பேட்டிக்கும் செய்திக்கும் இது சரிதான். கதைக்கும் கவிதைக்கும் வேகத்தைக் கூட்டுவது அவற்றைக் கெடுப்பதுதான், அங்கே வாசிப்பவரின் மூச்சுக்கும் வேலை இருக்கிறது. வேகத்தைத் தொடாமல் நேரம் மிச்சப்படுத்த, பேச்சின் நடுவே வரும் மௌனங்களைச் சுருக்கும் வசதி பல செயலிகளில் உண்டு.

ஒலியளவைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம்வரை 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஃபோனில் பாதிக்குச் சற்று மேலே, 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் வைத்தால்தான் கேட்கிறது என்றால் அந்த இடம் அந்த நிகழ்ச்சிக்கு ஏற்றதல்ல.

8. களை எடுங்கள்

ஆர்வத்தில் முப்பது நிகழ்ச்சிகளைச் சேர்த்துவிடுவோம், வாரத்தில் மூன்றுதான் கேட்போம். கேட்காதவை குவியக் குவியச் செயலியைத் திறக்கவே சலிப்பு வரும். மாதம் ஒருமுறை பட்டியலைப் பாருங்கள். தொடர்ந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை நீக்குங்கள். பாதி கேட்டுப் பிடிக்காத எபிசோடை முடித்தே தீர வேண்டும் என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை.

ஃபோன் மாற்றும்போதோ வேறு செயலிக்குப் போகும்போதோ சேர்த்த நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். ஆன்டெனாபாட், பாக்கெட் காஸ்ட்ஸ் போன்றவற்றில் ஓபிஎம்எல் என்ற பெயரில் பட்டியலை ஒரே கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். அதை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொண்டு, புதுச் செயலியில் இறக்குமதி செய்தால் பட்டியல் அப்படியே வந்துவிடும்.